அம்மா கேட்ட கடல் புறா

புத்தகம் படிக்கும் பழக்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. விடியற்காலையில் காசிமேட்டுக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களுக்குப் போவாள். விற்று முடித்து வீடு திரும்ப மதியமாகிவிடும். எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி, யார் கிருத்திகைக்குக் கவிச்சி தொடமாட்டார்கள், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், அவளுக்கு எப்போது பால்சுறா கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அவள் மனசிலேயே இருக்கும். கையெழுத்து கேட்கிற இடத்தில் பெருவிரலை நீட்டுவாள். அவள் இல்லாவிட்டால் பாடப் புத்தகத்தைத் தாண்டி நான் ஒரு வரியும் படித்திருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் நைனா. ஐந்தாம் வகுப்புவரை போனவர். ஹார்பரில் கப்பல் சரக்கு இறக்கும் கேங்கில் வேலை. காலை ஷிப்ட் இருக்கும் வாரத்தில் விடிவதற்கு முன்பே ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் தினத்தந்தியைப் பிரித்துவிடுவார். அவர் படிக்க, பெஞ்சில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய அந்தப் பத்திரிகை, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் திணறாதபடி சின்னச் சின்ன வாக்கியங்களில் செய்தி சொன்னது. அதை வாய்விட்டுப் படித்தால் பேசுவதுபோலவே இருக்கும். 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு படக்கதையை நைனா கடைசியில்தான் படிப்பார். அதற்காகவே சிலர் இரண்டாவது டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஹார்பருக்கு வரும் சரக்கில் பத்திரிகைக் காகித ரீலும் உண்டு. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கும் புகளூர் ஆலை 1980-களின் நடுவில்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு நாட்டுக்கு வேண்டிய பத்திரிகைக் காகிதத்தின் பெரும்பங்கு கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஓரம் நசுங்கினால் ரீல் அச்சுயந்திரத்தில் ஓடாது என்று அதை மட்டும் பதமாக இறக்கச் சொல்வார்களாம். "நாளைக்குச் சேதி வர்ற காயிதம்டா இது" என்று நைனா பெருமையாகச் சொல்வார். உடம்பால் பாரம் தூக்கிப் பிழைத்தவர் எழுத்து அச்சாகிற காகிதத்தின் மேல் வைத்திருந்த மரியாதை எனக்கு அப்போதே பிடித்திருந்தது.

ஆனால் மரியாதை வேறு, பழக்கம் வேறு. நைனா படிப்பதைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது உண்மை. பழக்கம் ஆனது, நான் ஐந்தாவது படித்த வருஷம், 'கடல் புறா' எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு.

சாண்டில்யனின் அந்தச் சரித்திரக் கதை குமுதத்தில் தொடராக வந்தது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையின் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைப்பது அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க வழக்கம். புத்தகக் கடையில் வாங்க முடியாத வீடுகளில் இந்த பைண்டு புத்தகங்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் கதை இருக்கும். பின்பக்கத்தில் தலைவலி மாத்திரை விளம்பரமோ பாதியில் அறுந்த ஒரு துணுக்கோ இருக்கும். ஹார்பரில் மூட்டைக் கணக்கு எழுதும் டாலி கிளார்க் ஒருவர் தம் வீட்டிலிருந்த பைண்டை நைனாவிடம் படிக்கக் கொடுத்திருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நைனா குண்டு பல்புக்குக் கீழே உட்கார்ந்து படிப்பார். அம்மா, ஆயா, அடுத்த வீட்டு அக்கா எல்லாரும் கேட்பார்கள். நான் பாதியில் தூங்கிவிடுவேன்.

அப்புறம் நைனாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் வந்தது. முதல் ராத்திரியே அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நைனாவுக்கு ஷிப்டு மாற சனிக்கெழமை ஆவும். அதுவரிக்கும் இளையபல்லவன் நடுக்கடல்லயே நிப்பானா? நீ படி கண்ணு."

பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக்கூட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்த காலம் அது. சாண்டில்யனின் வாக்கியம் சில நேரம் பத்து வரி ஓடும். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. திக்கித் திக்கிப் படித்தேன். அம்மா அவசரப்படுத்தவில்லை. "மூச்சு எடுத்துக்கினு படி" என்பாள். சில இடத்தில் நிறுத்தச் சொல்லி, "உனக்கே புரியாம படிக்கிற, இன்னொரு தபா படி" என்பாள். எழுத்தே தெரியாதவளுக்கு, எனக்குப் புரிந்ததா புரியவில்லையா என்பது எப்படித் தெரிந்தது என்று அப்போது ஆச்சரியமாக இருக்கும். குரல் காட்டிக்கொடுத்துவிடும். அர்த்தம் பிடிபட்ட வாக்கியத்தைப் படிக்கும் குரல் ஒன்று. எழுத்தை மட்டும் உருட்டுகிற குரல் இன்னொன்று. ஏலக்காரர் வாயசைவை வைத்தே விலை எங்கே நிற்கும் என்று கணிக்கிற அம்மாவின் காதுக்கு அது பெரிய வேலையாக இருந்திருக்காது. இரண்டாம் தடவை படிக்கும்போது எனக்கே புரியும். திரும்பப் படித்தால் புரியும் என்ற நம்பிக்கை, கரடுமுரடான எந்தப் புத்தகத்தின் முன்னாலும் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

வர்ணனைப் பக்கங்கள் வந்தால் ஆயா, "அத்த தள்ளுடா, சண்டைக்கு வா" என்பாள். அம்மா எதையும் தள்ளச் சொன்னதில்லை. அச்சில் இருப்பதை எல்லாம் கேட்க வேண்டும் அவளுக்கு. கேட்டு, எல்லாவற்றையும் அப்படியே ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். இதுதான் நான் அவளிடம் கற்ற பெரிய விஷயம்.

அம்மாவின் அப்பா கட்டுமரத்தில் போனவர். கடலில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுத்தால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே இழுத்தால் வன்னி என்று எங்கள் கரையில் சொல்வார்கள். எந்த மாசத்தில் எது இழுக்கும், எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பது அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த பாடம். கலிங்கத்துப் பாலூரிலிருந்து கப்பல் கிளம்புகிறது என்று நான் படித்தால், "இன்னா மாசம்?" என்று கேட்பாள். பாய் விரித்தான் என்றால், "காத்து எந்தப் பக்கத்துலேந்து?" என்பாள். சில கேள்விக்குப் புத்தகத்திலேயே பதில் இருக்கும். தேடி எடுத்துப் படித்துக் காட்டினால் அவளுக்குத் திருப்தி. பதில் இல்லாத இடங்களில், "எழுதறவரு கரையில குந்திக்கினு எழுதியிருப்பாரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மேலே படிக்கச் சொல்வாள். கோபமோ கிண்டலோ அதில் இருக்காது. மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்குகிற கண்ணால்தான் கதையையும் பார்த்தாள்.

அச்சில் வந்தால் அது வேதம் என்று நினைக்கிற பழக்கம் படித்தவர்களிடம்தான் அதிகம். பள்ளிக்கூடம் அதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. வீட்டில் ஒரு மீன்காரி, வாக்கியத்துக்கு வாக்கியம் கடலைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டபடி படிப்பதில் இருக்கிற சுகம் எனக்குப் பிடித்துப்போனது. படிப்பு எனக்குச் சலிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. நைனா பகல் ஷிப்டுக்கு மாறினார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்துக்குக் கை நீட்டுவார் என்று பார்த்தேன். நீட்டவில்லை. விட்ட கதையை அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக் கதையைத் திருப்பத்தோடு திருப்பமாக, ஒரு பெயர் தப்பாமல் அம்மா சொன்னாள். பிறகு நைனா பாயில் சாய்ந்து, "நீயே படி, நான் கேக்கறேன்" என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் படிக்கிற வேலை என்னுடையதாகிவிட்டது. டீக்கடையே காதுகொடுத்துக் கேட்ட ஒரு குரல் எனக்காக ஒதுங்கிக்கொண்டது. அவர் எனக்குக் கொடுத்ததில் இதைவிடப் பெரிது வேறில்லை.

அடுத்த வருஷங்களில் எங்கள் வீடு திருவொற்றியூருக்கு மாறியது. கடல்தான் மாற்றியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்பருக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெண்டி நீரோட்டம் வடக்கே கொண்டுவரும் மணலை அந்தச் சுவர் தடுத்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எங்கள் கரை அரிபட்டுக்கொண்டே வந்தது. கடலோரத்தில் இருந்த எத்தனையோ வீடுகளும் தெருக்களும் போயின. இதைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்து அம்மாவிடம் சொன்னபோது, "இத எழுதறதுக்கு ஒரு புக்கா? ஆயாவாண்ட கேட்டிருந்தா சொல்லியிருக்குமே" என்றாள். பாதி உண்மைதான். மீதிப் பாதி, எழுதி வைத்தால்தான் அதிகாரிகளிடம் எடுத்துக் காட்ட முடியும் என்பது. அதையும் அவள் ஒத்துக்கொண்டாள்.

திருவொற்றியூரில் அப்போது நாளின் பொழுதைக் கம்பெனிச் சங்குகள் பிரித்தன. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், அதற்கும் அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஷிப்ட் ஆட்கள். தொழிற்சங்கக்காரர்கள் வழியாக மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. வழவழத் தாள், கெட்டி அட்டை, விலையோ கொஞ்சம். மாக்சிம் கோர்க்கியின் 'தாய்' நாவலும், தொ.மு.சி. ரகுநாதன் தமிழில், அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

அந்த நாவலை அம்மா கேட்டதுபோல் வேறு எதையும் கேட்டதில்லை. அதில் வரும் நீலவ்னா நாற்பது வயதுக்காரி. குடிகாரப் புருஷனிடம் அடிபட்டே காலம் கழித்தவள். தொழிலாளியான மகன் பாவெல் ஜெயிலுக்குப் போனதும், சாப்பாடு விற்கிற சாக்கில் தொழிற்சாலைக்குள் துண்டறிக்கைகளைக் கடத்திக்கொண்டு போகிறாள். அந்த இடம் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கூடைக்காரிய எவன் சோதிப்பான்? நல்ல ரோசனை" என்றாள். காவலாளியின் முன்னால் நீலவ்னா எப்படி நின்றாள் என்று மறுபடி படிக்கச் சொன்னாள். அவள் அந்த வயசில் எழுத்துக் கற்கும் பகுதியையும் ஒருமுறைக்கு மேல் கேட்டாள். மகனின் தோழன் ஒருவன் சொல்லிக்கொடுக்கிறான். வெட்கத்தோடும் அழுகையோடும் கற்கிறாள். அன்றைக்கு நைனா, "நீயும் கத்துக்கினா இன்னா?" என்று அம்மாவைக் கேட்டார். "எனக்குப் படிக்கறதுக்கு ஆளு கீது. அவளுக்கு இல்ல, ஜெயிலுக்குப் போயிட்டான்" என்று பதில் வந்தது.

அந்த நாவலைப் படித்த நாட்களில்தான் நைனா சிங்காரவேலரைப் பற்றிச் சொன்னார். 1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர். எங்களைப்போல் மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர். தம் வீட்டில் பெரிய நூலகமே வைத்திருந்தவர். அம்மாவுக்கு மே தினத்தைவிட அந்த நூலகம்தான் மனசில் நின்றது. "நம்ம ஆளுங்க ஊட்லயா? அத்தினி புக்கா?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். திருவொற்றியூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே அந்தச் சிவப்புக் கட்டடம். 1900-இல் திறந்தது. பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். நைனா என்ன வாங்கு என்று சொல்லமாட்டார். கையில் சில்லறையைக் கொடுத்துவிட்டுத் தூரத்தில் நின்றுகொள்வார். முத்து காமிக்ஸ், அம்புலிமாமா, அட்டை போன துப்பறியும் கதை, எதை எடுத்தாலும் சரிதான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. காமிக்ஸைப் படம் படமாக விளக்கிச் சொல்லிக்கொண்டே படித்த பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ, நான் ஒருவன். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. இன்று கும்மிடிப்பூண்டித் தடத்துப் புறநகர் ரயில்கள் வந்து நிற்கிற நிலையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

வாங்கிக் கட்டுப்படியாகாதபோது கிளை நூலகம் கைகொடுத்தது. முதல்முறை அம்மாவை அங்கே கூட்டிப்போனபோது அலமாரிகளைப் பார்த்து, "இத்தினியும் யாருது?" என்று கேட்டாள். எல்லாருக்கும் உரியது என்று மட்டும்தான் அன்றைக்குச் சொல்லத் தெரிந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சியும், கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முனைப்பும் சேர்ந்து 1948-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழி செய்தது. இன்றைக்கும் வரி ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் அதற்காகப் போகிறது. திருவொற்றியூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிய பிறகு வரி ரசீதில் அந்த வரியை அம்மாவுக்குக் காட்டினேன். "அப்போ அந்த புக்குல என் துட்டும் கீது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறு எந்த வரியையும் கட்டியதில்லை.

நான் தமிழாசிரியர் ஆனேன். வேலை பார்த்ததெல்லாம் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான். பெற்றோர் கூட்டத்தில் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வரும்: "எங்களுக்குப் படிக்கத் தெரியாது சார், நாங்க எப்படிப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கறது?" இறால் உரிக்கப் போகும் தாய், லாரியில் கிளீனராகப் போகும் தகப்பன், பேரனை வளர்க்கும் ஆயா என்று எல்லாரும் அதே குற்ற உணர்ச்சியோடு தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். அவர்களிடம் என் அம்மாவின் கதையைச் சொல்வேன். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள் போதும் என்பேன். பிள்ளைகளுக்கு நான் தந்த வீட்டுப்பாடமும் அதுதான்: வீட்டில் எழுத்துத் தெரியாத ஒருவருக்கு இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டி, அவர் கேட்கிற ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வா. வந்த கேள்விகள் பாடப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைவிட நன்றாக இருந்தன. ஆயாவுக்குப் படித்துக் காட்டுகிற பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று படிக்கும்போது தனியாகத் தெரியும். அது யாரையோ முன்னால் வைத்துக்கொண்டு படிக்கும்.

பிள்ளையைப் படிக்கவைக்கப் புத்தகம் வாங்கி அடுக்கினால் போதும் என்று வசதியுள்ள வீடுகளில் நினைக்கிறார்கள். படி, படி என்று விரட்டினால் போதும் என்று மற்ற வீடுகளில் நினைக்கிறார்கள். இரண்டிலும் பிள்ளை தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. தான் படிப்பதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் ஒரு சிறுவனுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டும் வேகம் வரும். எனக்கு வந்தது.

நைனா போன பிறகும் அம்மா நெடுநாள் இருந்தாள். 2004-இல் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' வந்தது. தென்கோடிப் பரதவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நாவல். உவரிக்காரரான அவர் கப்பல் தொழிலில் இருப்பவர். இரண்டு மழைக்காலம் தாண்டி அதைப் படித்து முடித்தோம். அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கே சில இடத்தில் பிடிபடவில்லை. அம்மா சொல்லைப் பிடிக்காவிட்டாலும் காரியத்தைப் பிடித்துவிடுவாள். வலையும் காற்றும் வரும் இடங்களில் எனக்கு அவள்தான் அர்த்தம் சொன்னாள். அதில் ஒருமுறைகூட "இன்னா மாசம்?" என்று கேட்கவில்லை. "இவரு கடல்ல எறங்கனவரு" என்றாள். சாகித்ய அகாதெமி பின்னாளில் அவருடைய 'கொற்கை' நாவலுக்கு விருது கொடுத்தது. எங்கள் வீட்டில் விருது முன்பே கொடுத்தாகிவிட்டது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால், கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். எதைப் படிக்கிறது என்று பார்க்காதீர்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் எழுந்து போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த தொழிலை வைத்து, ஊரை வைத்து, அதனிடம் கேள்வி கேளுங்கள். மறுநாள் ராத்திரியும் போய் உட்காருங்கள். அதற்கு உங்களுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.